1930-இல் கட்டப்பட்ட ‘டொராட்’ பந்தயப் படகு: புதுப்பித்த பின்பும் அது அதே படகுதானா?

கேள்வி: அலைவாசி

அனைவருக்கும் வணக்கம். நியூயார்க்கின் சிட்டி ஐலண்டில் 1930-இல் கடலில் இறக்கப்பட்ட ‘டொராட்’ என்னும் மரத்தாலான பாய்மரப் பந்தயப் படகைப் பற்றி அண்மைக் காலமாகப் படித்து வருகிறேன். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுகள் வரை நடைபெறும் டிரான்ஸ்பேக் பந்தயத்தில் 1936-ஆம் ஆண்டு வென்ற இப்படகு, 77 ஆண்டுகள் கழித்து 2013-இல் அதே பந்தயத்தில் மீண்டும் ஒட்டுமொத்த வெற்றி பெற்றிருக்கிறது. மரக்கலங்களைப் பற்றி எனக்கு இருக்கும் சிற்றறிவைக் கொண்டு பார்த்தால், அத்தனை வயதான ஒரு படகு துறைமுகத்தில் மிதந்துகொண்டிருப்பதே பெரிது. நடுப் பசிபிக்கில் இரவு பகலாகப் பாயை இழுத்துக் கட்டி ஓடியது எப்படி என்று விளங்கவில்லை.

இப்படகு படகுக் கட்டுமான வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுவது ஏன் என்பதையும், இத்தகைய மரப்படகைப் புதுப்பிக்கும்போது உண்மையில் என்னென்ன செய்கிறார்கள் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன். என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. சட்டங்களையும் பலகைகளையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், எஞ்சி நிற்பதை 1930-இன் டொராட் என்று சொல்வது நியாயமாகுமா?


பதில் 1: வடகாற்று

நல்ல கேள்வி. வரலாற்றுப் பகுதிக்கு மட்டும் நான் விடையளிக்கிறேன். கட்டுமானத்தைப் பற்றி இங்கு என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

டொராட்டை வடிவமைத்தபோது ஓலின் ஸ்டீபன்ஸுக்கு வயது 21. பல்கலைக்கழகப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்ட அந்த இளைஞர், படகுத் தரகரான டிரேக் ஸ்பார்க்மனுடன் சேர்ந்து 1929-இல் ‘ஸ்பார்க்மன் அண்டு ஸ்டீபன்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். பிராங்க்ஸ் பகுதியில் நடத்திவந்த குடும்ப நிலக்கரி வணிகத்தை விற்றுவிட்ட அவருடைய தந்தை, மகனின் திறமையை நம்பி இப்படகுக்குப் பணம் கொடுத்தார். பங்குச் சந்தை சரிந்து நாடே கலங்கி நின்ற அந்தக் குளிர்காலத்தில்தான் மின்னிஃபோர்டு படகுத்துறையில் அதன் கட்டுமானம் நடந்தது. தம்பி ராட் ஸ்டீபன்ஸ் கட்டுமானத்தையும் பாய் அமைப்பையும் கூடவே இருந்து கவனித்துக்கொண்டார்.

அந்தக் காலத்தில் பெருங்கடல் பந்தயத்துக்கு ஏற்றவை என்று கருதப்பட்டவை அகன்ற, கனமான படகுகளே. ஜான் ஆல்டன் வடிவமைத்த ‘மலபார்’ வரிசை ஸ்கூனர்கள் (ஒன்றுக்கு மேற்பட்ட பாய்மரங்கள் கொண்ட படகுகள்) மீன்பிடிக் கலங்களின் வழியில் வந்தவை. அவற்றுள் இரண்டு 1923-இலும் 1926-இலும் பெர்முடா பந்தயத்தை வென்றிருந்தன. இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பந்தயம் 1925-இல் தொடங்கியபோது முதலில் வென்ற ‘ஜோலி பிரீஸ்’, பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தில் வழிகாட்டிப் பணிக்காகக் கட்டப்பட்ட படகு. புயலைத் தாங்க எடையும் அகலமும் வேண்டும் என்பது அன்றைய பொதுக்கருத்து. ஓலின் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். கரையோரப் பந்தயங்களில் ஓடிய ‘ஆறு மீட்டர்’ வகுப்புப் படகுகளை வடிவமைத்துப் பெற்ற அனுபவத்தைப் பெருங்கடலுக்குக் கொண்டுவந்தார். 52 அடி நீளமுள்ள படகுக்கு அவர் கொடுத்த அகலம் 10 அடி 3 அங்குலம் மட்டுமே. படகு நீருக்கடியில் ஆழமாக இறங்கியிருந்தது. ஈயப் பளு முழுவதும் ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புச் சட்டத்துக்கு) கீழே, உடலுக்கு வெளியே தொங்கியது. காற்றை எதிர்த்துச் சாய்ந்து ஓடும்போது அந்த ஈயம் படகை நிமிர்த்திப் பிடிக்க, குறுகிய உடல் அலையை எளிதாகப் பிளந்து சென்றது.

1930-ஆம் ஆண்டின் பெர்முடா பந்தயத்தில் அது முதலிடம் பெறவில்லை. மறு ஆண்டில்தான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் நியூபோர்ட்டிலிருந்து இங்கிலாந்தின் பிளைமவுத் வரையிலான அட்லாண்டிக் பந்தயத்தில், 23 வயது ஓலின் தலைமையில், தந்தையும் தம்பியும் அடங்கிய ஏழு பேர் குழு டொராட்டைச் செலுத்தியது. மற்றவர்கள் பலர் காற்று நம்பகமாக இருக்கும் தெற்குப் பாதையை நாடியபோது, இவர்கள் பனிமூட்டமும் குளிரும் நிறைந்த, ஆனால் தூரம் குறைவான வடக்குப் பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு படகுகளுக்குத் தரப்படும் நேரச் சலுகையைக் கணக்கில் சேர்க்காமலேயே, தன்னைவிடப் பெரிய படகுகளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக டொராட் கரை சேர்ந்தது. அதே கோடையில் ஃபாஸ்ட்நெட்டையும் வென்றது. நியூயார்க் திரும்பிய குழுவினரை பிராட்வே வீதியில் காகிதத் துண்டுகள் பொழிய ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். 1933-இல் ராட் ஸ்டீபன்ஸ் தலைமையில் ஃபாஸ்ட்நெட்டை இரண்டாம் முறையும் வென்ற பின், படகு மேற்குக் கரைக்கு விற்கப்பட்டது. தாங்கள் குறிப்பிட்ட 1936-ஆம் ஆண்டு வெற்றி அங்கே கிடைத்ததுதான்.

ஒரு செய்தியை இங்கு சேர்க்க விரும்புகிறேன். பாய்மரப் படகுகளின் மேல்தளத்தில் இன்று காணப்படும் காற்றோட்டப் பெட்டிக்கு உலகெங்கும் ‘டொராட் பெட்டி’ என்றுதான் பெயர். காற்றை வாங்கும் கூம்பு பெட்டியின் ஒரு முனையில் இருக்கும்; அறைக்குள் இறங்கும் குழாய் மறுமுனையில், பெட்டியின் தரையைவிட உயர்ந்து நிற்கும். கூம்புக்குள் அலை புகுந்தாலும் தண்ணீர் பெட்டியின் தரையில் விழுந்து பக்கத் துளைகள் வழியே வெளியேறிவிடும். காற்று மட்டும் குழாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கும். ராட் ஸ்டீபன்ஸின் இந்த எளிய ஏற்பாடு முதலில் இப்படகில்தான் பெயர் பெற்றது.

டொராட்டில் குறைகளும் உண்டு. காற்று பின்னாலிருந்து வீசும்போது அது இருபுறமும் பலமாக உருளும். படகு மிகவும் குறுகிவிட்டது என்று பின்னாளில் ஓலினே கருதினார். 1934-இல் அவர் வடிவமைத்த ‘ஸ்டார்மி வெதர்’ ஏறத்தாழ இரண்டடி கூடுதல் அகலம் கொண்டது. அந்தப் படகும் மறு ஆண்டிலேயே அட்லாண்டிக் பந்தயத்தையும் ஃபாஸ்ட்நெட்டையும் வென்றது.


பதில் 2: உளியும் சுத்தியும்

மரப்படகுகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். டொராட்டுக்கு 1990-களின் பின்பகுதியில் இத்தாலியின் போர்ட்டோ சாண்டோ ஸ்டெஃபானோவில் உள்ள படகுத்துறையில் பெரும் புதுப்பித்தல் நடந்தது. பிறகு அமெரிக்காவிலும் பணிகள் தொடர்ந்தன. அந்தத் துறைகளின் பணிக்குறிப்பை நான் இங்கு எழுதவில்லை. இவ்வகைப் படகு எதுவாயினும் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சொல்கிறேன்.

படகைக் கரையேற்றியதும் எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். டொராட்டின் மொத்த நீளம் 52 அடி என்றாலும் நீர்மட்டத்தில் அதன் நீளம் சுமார் 37 அடிதான். ஏறத்தாழ 15 அடி நீளம் அணியத்திலும் (முன்முனை) அமரத்திலுமாக (பின்முனை) நீருக்கு வெளியே நீண்டிருக்கிறது. அந்த முனைகளைத் தாங்கத் தண்ணீர் இல்லாததால் அவை தம் எடையாலேயே பல்லாண்டுகளில் கீழிறங்கும். பாய்மரமோ, பக்கக் கயிறுகளின் இழுவிசையால் தன் அடிப்பகுதியை ஓயாமல் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஆகவே பழைய பந்தயப் படகு ஒன்று கொட்டகைக்கு வரும்போது, அது பிறந்தபோது இருந்த வடிவத்தில் இருப்பதில்லை. மூல வரைபடத்தோடு ஒப்பிட்டு எங்கே எவ்வளவு மாறியிருக்கிறது என்று கண்டறிந்து, உள்ளும் புறமும் அச்சுச் சட்டங்களால் தாங்கிப் பிடித்து, ஆப்புகளைச் சிறிது சிறிதாக இறுக்கி, வாரக்கணக்கில் பொறுத்திருந்து பழைய வடிவத்துக்கு மீட்க வேண்டும். இதைச் செய்யாமல் பலகையை மாற்றுபவர், கோணிப்போன வடிவத்தையே புது மரத்தில் நிரந்தரமாக்கிவிடுகிறார்.

அடுத்து வங்குகள், அதாவது படகின் விலாச் சட்டங்கள். டொராட் போன்ற படகுகளில் இவை வெள்ளை ஓக் மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்துப் பொருத்தப்பட்டவை; மேலே மகோகனிப் பலகை. எல்லா வங்குகளையும் ஒரே நேரத்தில் எடுத்துவிட்டால் பலகைகளைப் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. எனவே ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழற்றி, புதியதைப் பொருத்தி, பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். உலைச் சூட்டில் உலர்த்திய மரம் வளைக்கும்போது முறியும். ஓரளவு பச்சையான மரமே ஏற்றது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஆவிப்பெட்டியில் வைத்து, வெளியே எடுத்த ஒரு நிமிடத்துக்குள் இடத்தில் வைத்து வளைத்து இறுக்கியாக வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் பேசமாட்டார்கள். யார் எங்கே நிற்பது, யார் இறுக்கியைத் தருவது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்கும்.

ஓக் என்றால் எல்லாம் ஒன்றல்ல. வெள்ளை ஓக்கின் நாளங்கள் இயற்கையாகவே அடைபட்டிருப்பதால் நீர் எளிதில் ஊறாது. சிவப்பு ஓக்கின் நாளங்கள் திறந்தவை. அதில் ஒரு சிறு துண்டை நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய்வைத்து ஊதினால் குமிழிகள் வரும். மர வணிகர் எதைக் கொடுத்திருக்கிறார் என்பதில் ஐயம் எழும்போது இன்றும் இப்படிச் சோதித்துப் பார்ப்பதுண்டு.

ஏராவையும் ஈயத்தையும் இணைக்கும் போல்ட்டுகளில்தான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. தலைப்பகுதியும் அடிப்பகுதியும் புத்தம் புதிதாகத் தெரியும். மரமும் ஈயமும் சேரும் இடைவெளியில் நீர் புகுந்து அங்கே மட்டும் மெலிந்திருக்கும். ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி குறைவு. ஓக் மரத்தில் உள்ள புளிப்புத்தன்மை இரும்பை அரிக்கும். அரிக்கப்பட்ட இரும்பு தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். வெண்கல ஆணிகளால் பூட்டப்பட்ட படகுகள் இத்தனை நாள் நிலைத்ததற்கு இதுவே முதற்காரணம்.

கசிவை அடைக்கப் பலகைகளுக்கு இடையே பஞ்சுத் திரியைக் கலப்பற்று உளியால் செலுத்துவது கேட்பதற்கு எளிது. குறைவாக அடித்தால் கசியும். மிகுதியாக அடித்தால், பலகை நீரில் ஊறிப் பருக்கும்போது இடமில்லாமல் வங்குகளையே உடைத்துவிடும். பழகிய கை, கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியின் ஓசை மாறுவதைக் கேட்டே நிறுத்திவிடும். நீரில் இறக்கியதும் சில நாட்கள் பாரந்தூக்கியின் பட்டைகளில் தொங்கவிட்டே வைத்திருப்பார்கள். முதலில் உள்ளே வரும் தண்ணீரை எந்திரம் இறைத்துக்கொண்டிருக்க, பலகைகள் ஊறி ஒன்றையொன்று நெருக்கிக் கசிவை அடைத்துக்கொள்ளும்.

பழைய படகுக்குக் கடல்நீரைவிட மழைநீர்தான் பெரும்பகை. உப்பு நீர் மரத்தை ஓரளவு காக்கும்; மேல்தளத்தின் இணைப்புகள் வழியே சொட்டும் நன்னீர்தான் தளத்துக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களையும் வங்குகளின் தலைகளையும் உளுத்துப்போகச் செய்கிறது. பழுதைத் தேடுபவர்கள் அடிவயிற்றைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் மேல்தளத்தின் ஓரங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.


அலைவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உளியும் சுத்தியும் ஐயா, தங்கள் பதிலைப் படித்தபோது ஓர் ஐயம் எழுந்தது. 1930-இல் பாய்கள் பருத்தியால் ஆனவை. இன்று பந்தயத்தில் ஓடும் பழைய படகுகள் செயற்கை இழைப் பாய்களைக் கட்டுகின்றன. அவற்றின் இழுப்பைப் பழைய உடல் தாங்குமா?


பதில் 3: உளியும் சுத்தியும்

மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பருத்திப் பாய் பெருங்காற்று அடிக்கும்போது நீண்டு கொடுக்கும். அந்த நெகிழ்ச்சியே படகுக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது. இன்றைய பாயும் கயிறும் நீள்வதில்லை. காற்றின் ஒவ்வொரு உதையும் நேராகப் பாய்மரத்துக்கும், அங்கிருந்து வங்குகளுக்கும் ஏராவுக்கும் இறங்கும். ஆகவே பந்தயத்துக்குத் திரும்பும் படகுகளில் பாய்மரத்தின் காலடிச் சுமையை நான்கைந்து வங்குகளுக்குப் பகிர்ந்தளிக்கும் உலோகச் சட்டங்களையும், பக்கக் கயிறுகள் பூட்டப்படும் இடங்களிலிருந்து கீழே இறங்கும் வெண்கலப் பட்டைகளையும் வலுப்படுத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை தெரியா.

உடல் முழுவதையும் எபாக்சிப் பசையாலும் கண்ணாடி இழையாலும் மூடிவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. இவ்வகைக் கட்டுமானத்துக்கு நான் அதை ஏற்பதில்லை. பலகைகள் ஊறவும் உலரவும் இடம்விட்டுக் கட்டப்பட்ட உடல் அது; மூடிய உறைக்குள் ஈரம் சிக்கிக்கொண்டால் ஓக் சட்டங்கள் கண்ணுக்குத் தெரியாமல் அழுகும்.


பதில் 4: கரையோரம்

மதிப்புக்குரிய நண்பரின் கடைசிக் கருத்தில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. அது அலைவாசியின் மூன்றாவது கேள்வியோடும் தொடர்புடையது.

‘பென் டுயிக்’ என்னும் படகைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் வில்லியம் ஃபைஃப் வடிவமைத்து, அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தில் 1898-இல் கட்டப்பட்டது. புகழ்பெற்ற பிரெஞ்சு மாலுமி எரிக் தபர்லியின் தந்தை அதை 1938-இல் வாங்கினார். பின்னர் மகன் கைக்கு வந்தபோது மரம் உளுத்துப்போயிருந்தது. முறையாகப் புதுப்பிக்கத் தபர்லியிடம் பணம் இல்லை. 1958-இல் அவர் செய்தது துணிச்சலான செயல். உளுத்த மர உடலையே அச்சாகக் கவிழ்த்து, அதன்மேல் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டரையும் அடுக்கடுக்காகப் பூசிப் புதிய உடலை உருவாக்கினார். மரபுப்படி பார்த்தால் இது செய்யக்கூடாத வேலை. ஆனால் அன்று அதைச் செய்யாதிருந்தால் ஃபைஃபின் அந்த வடிவம் விறகாகியிருக்கும். 1980-களில் செயிண்ட் மாலோவில் மேல்தளமும் பாய் அமைப்பும் முறையாகப் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் அப்படகு பாய் விரிக்கிறது. தபர்லி 1998 ஜூன் மாதம் ஐரிஷ் கடலில் தவறி விழுந்து உயிரிழந்ததும் அதே படகிலிருந்துதான். பென் டுயிக் அசல் படகல்ல என்று பிரான்சில் யாரிடமும் சொல்லிப் பாருங்கள், ஏற்கமாட்டார்கள்.

ஆகவே என் கருத்து இது. அரண்மனையிலோ கோயிலிலோ கல்லும் மரமும் இருந்த இடத்திலேயே இருந்து மூப்படைகின்றன. பந்தயப் படகு, ஓடுவதற்காகக் கணக்கிடப்பட்ட ஒரு வடிவம். ஓலின் ஸ்டீபன்ஸ் உருவாக்கியது அந்த நீர்கிழிக்கும் கோடுகளை. ஓக் மரத்தை அவர் உருவாக்கவில்லை. கோடு கெடாமல் இருந்து, ஈயம் அதே இடத்தில் தொங்கி, பாய் அதே பரப்பில் விரியும்வரை அது டொராட்தான்.

பந்தய விதிகளும் இதைக் கவனிக்கின்றன. நடுநிலக்கடல் பகுதியில் நடக்கும் மரபுப் படகுப் பந்தயங்களில், 1949 முடிவதற்குள் இறக்கப்பட்டவை ஒரு பிரிவாகவும், 1975 முடிவதற்குள் இறக்கப்பட்டவை மற்றொரு பிரிவாகவும் வகுக்கப்படுகின்றன. மூலக் கட்டுமானத்திலிருந்து விலகிய பொருள்களுக்கும் கருவிகளுக்கும் ஏற்ப நேரக் கணக்கில் அபராதம் உண்டு. உரிமையாளர்கள் மரத்தாலான பாய்மரத்தை அலுமினியமாக மாற்றாமல் இருப்பதற்கு அழகுணர்ச்சியோடு இந்த விதியும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. 1928-இல் ஃபாஸ்ட்நெட்டை வென்ற ‘நீன்யா’ என்னும் அமெரிக்க ஸ்கூனர், டொராட்டைப் போலவே பெரும் புகழ்பெற்ற மரப்படகு. 34 வயதில், 1962-ஆம் ஆண்டின் பெர்முடா பந்தயத்தையும் வென்றது. 2013 மே மாத இறுதியில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட அது, ஜூன் தொடக்கத்துக்குப் பிறகு டாஸ்மன் கடலில் ஏழு பேரோடு காணாமல் போனது. விரிவான தேடலிலும் ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த மாதத்தில்தான் டொராட் ஹவாயில் வெற்றி பெற்றது. பழைய மரப்படகைப் பெருங்கடலுக்குக் கொண்டுசெல்பவர் எந்த அளவு பொறுப்பை ஏற்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவர் தயங்காமல் மரத்தை மாற்ற வேண்டும் என்பேன்.


பதில் 5: உளியும் சுத்தியும்

கரையோரம் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். தபர்லியின் செயலை நானும் குறை கூறமாட்டேன். அழிவுக்கும் அந்த உறைக்கும் இடையே வேறு வழி அவருக்கு இருக்கவில்லை. ஆனால் ‘கோடு மட்டுமே படகு’ என்ற முடிவுக்கு என்னால் வர இயலாது. மூல வரைபடத்தைக் கொண்டு புத்தம் புதிதாக ஒரு டொராட்டைக் கட்டினால் கோடுகள் அச்சொட்டாக அமையும். அதை நாம் யாரும் 1931-இல் அட்லாண்டிக்கைக் கடந்த படகு என்று சொல்லமாட்டோம். அந்தப் பெயரைத் தாங்க, இடையறாத ஒரு தொடர்ச்சி வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பகுதி மாறும்போது மற்றப் பகுதிகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக வங்குகளை மாற்றுவது வடிவத்தைக் காப்பதற்காகச் செய்யப்படுவதுதான். ஆயினும் அந்தத் தொடர்ச்சியையும் அதுவே காக்கிறது.

தச்சர்களிடம் நான் எதிர்பார்ப்பது மேலும் சில. கழற்றிய ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, எந்த எண் வங்கு, எந்த மரம், எந்த ஆணி என்று எழுதிவைக்க வேண்டும். புதிதாகப் பொருத்தும் மரத்தின் உட்பக்கத்தில் ஆண்டைப் பொறிக்க வேண்டும். அடுத்த தலைமுறைத் தச்சர் எது 1930-இன் மரம், எது பின்னாளின் மரம் என்று தேட வேண்டியிராது. நல்ல நிலையில் இருக்கும் பழைய பலகையை, மற்றவை மாறுகின்றன என்பதற்காகவே தூக்கியெறியக் கூடாது. நூறாண்டுகளுக்கு முன் கிடைத்த நெருக்கமான வளையங்களுள்ள மகோகனி இன்று எளிதில் கிடைப்பதில்லை. பழையதே புதியதைவிடத் தரமாக இருப்பது அரிதன்று. உளுத்த முனையை மட்டும் வெட்டி, சாய்வு இணைப்புப் போட்டு, மீதியை அதே இடத்தில் திரும்பப் பொருத்தலாம். நேரமும் கூலியும் கூடும். அதற்குத் தகுதியான படகுகள் இவை.

அலைவாசி அவர்களுக்கு: ஸ்பார்க்மன் அண்டு ஸ்டீபன்ஸ் நிறுவனத்தின் வரைபடத் தொகுப்பு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. டொராட்டின் குறுக்குவெட்டுப் படத்தையும் ஸ்டார்மி வெதரின் குறுக்குவெட்டுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு அருகில் இரண்டாவது படகின் தோள் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதைக் கண்டால், முதற்படகு ஏன் அப்படி உருண்டது என்பதும், நான்கே ஆண்டுகளில் ஓலின் எதைத் திருத்தினார் என்பதும் விளங்கும்.